மண்டலமும் பரமண்டலமும்

பள்ளியில் யார் கேட்டாலும் என் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். எனக்குத் தெரிந்தவரை அவர் திருப்பூரில் இருக்கிறார், பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக, வேறொரு குடும்பத்தோடு. மஸ்கட் என்று முதலில் சொன்னது நான் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று இரண்டாம் வகுப்பு டீச்சர், "சார் எங்க இருக்கார்?" என்று கேட்டார். "வெளியில இருக்கார்" என்றேன். வீட்டுக்கு வெளியில் என்பது உண்மைதானே. "வெளியிலன்னா மஸ்கட்டா? எங்க அண்ணனும் அங்கதான்" என்று அவரே ஊரையும் எடுத்துக் கொடுத்தார். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு ஆட்டிய தலையை இன்னும் நிறுத்த முடியவில்லை.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே புருஷன் விட்டுவிட்டுப் போனவளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், வாழாவெட்டி என்று. விட்டுப் போனவனுக்குப் பெயர் எதுவும் கிடையாது, அவன் பாட்டுக்கு இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போது முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் கேட்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். பூந்தமல்லிப் பக்கம் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளியில் வேதபாட டீச்சர் தேவை என்று எங்கள் போதகர் சொன்னதும் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

காட்டுப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. சுற்றியிருப்பவர்கள் மதுரை, கோவை, சேலம் என்று எல்லா ஊர்களிலிருந்தும் வந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே போனைப் பார்ப்பார்கள். யாரும் எதையும் கேட்பதில்லை. முதல் வருடம் அது எனக்குப் பெரிய சுகமாக இருந்தது. இரண்டாம் வருடம் யாராவது கேட்டால் தேவலாம் என்று இருந்தது. பள்ளியில் கூட வேலை செய்பவர்களையாவது ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மஸ்கட்காரர் வீட்டில் மஸ்கட் சாமான் ஒன்றுகூட இல்லை என்பதை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பொய் சொன்னவளுக்கு விருந்தாளி ஆகாது. ஒரு சாம்பார் வைத்தால் மூன்று நாள் அதையே சுட வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். பழகிக்கொண்டேன் என்று சும்மா சொல்கிறேன். தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

பள்ளியிலும் என் வேலை ஆளை ஒதுக்கி வைக்கிற வேலைதான். கணக்கு டீச்சர் முன்னால் ஜனங்கள் கணக்குப் பார்த்துப் பேசுவதில்லை. ஆனால் வேதபாட டீச்சர் உள்ளே நுழைந்தால் ஸ்டாஃப் ரூமில் நாத்தனார் கதை பாதியில் நின்றுவிடும். எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள். "அடப் போங்கம்மா, நானும் கேக்கேன், சொல்லுங்க" என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை.

எங்கள் பள்ளியில் வாரத்துக்கு மூன்று நாள் கடைசிப் பீரியடில் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாடத்துக்கு என்னிடம் வருவார்கள். மற்றவர்கள் நீதிபோதனைக்குப் பக்கத்து அறைக்குப் போவார்கள். போன வருடம் நீதிபோதனை டீச்சர் பிரசவ லீவில் போனார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "மூணாம் கிளாஸ்ல ரெண்டு குரூப்பையும் நீங்களே சேர்த்து எடுத்துக்குங்க. எல்லாருடைய நம்பிக்கையையும் எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும். அவங்கவங்க வீட்டு வழக்கத்தை அவங்களே சொல்லட்டும். ஆனா ஒண்ணு, யார் மனசும் நோகக் கூடாது, யார் வீட்லேருந்தும் யாரும் சண்டைக்கு வரக் கூடாது" என்றார். நீச்சல் அடி, ஆனால் நனையாதே என்கிற மாதிரி.

எரிச்சலோடுதான் ஆரம்பித்தேன். ஆனால் சிறிசுகள் நன்றாகப் பேசின. ஒரு பிள்ளை நோன்புக் கஞ்சி எப்படி இருக்கும் என்று சொல்லி எல்லோருக்கும் பசியைக் கிளப்பிவிட்டது. அயனம்பாக்கத்திலிருந்து வருகிற ஒருத்தி, "எங்க வீட்ல சாமியே கும்பிட மாட்டோம். சாமி இல்லன்னு அப்பா சொல்லிட்டாரு" என்றாள். வகுப்பு அதிர்ந்துபோனது. "அப்போ பரிச்சைக்கு யார்கிட்ட வேண்டிப்ப?" என்று ஒன்று கேட்டது. "படிச்சிட்டுப் போவேன்" என்றாள் அவள். நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

கார்த்திகை பிறந்தது. காலையில் கேட்டருகே பைக்கில் வந்து இறங்கும் அப்பாக்களில் பாதிப் பேர் கறுப்பு வேட்டி, கழுத்தில் மணிமாலை, கால் வெறுங்கால். பிள்ளைகள் அப்பா என்று கூப்பிடாமல் "சாமி, பையைக் குடு சாமி" என்று கூப்பிட்டார்கள். வகுப்பில் அதுவே பேச்சானது. "ஒரு மண்டலம் விரதம் மிஸ். மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் செருப்பு போடக் கூடாது, கோவப்படக் கூடாது." "எங்கப்பா திட்டறதே இல்ல மிஸ் இப்போ." வருடம் முழுக்க மாலை போட்டுக்கொள்ளச் சொல்லலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

ஜன்னலோரக் கடைசிப் பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்துப் பழைய குடும்பம். ஒரு காலத்தில் விவசாயம், இப்போது நிலம் பிளாட்டாகி, வீட்டில் இருப்பவர்கள் குடோன் வேலைக்குப் போகிறார்கள். அதிகம் பேசாத பெண். என் பீரியடின் தொடக்கத்தில், பரமண்டலத்தில் இருக்கிற பிதாவை நோக்கிச் சொல்லும் ஜெபம் ஒன்றைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் சொல்வார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை, கை கூப்பி நின்றால் போதும். அவளும் அப்படித்தான் நிற்பாள். கார்த்திகை பாதியில் திடீரென்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். கிறிஸ்தவப் பிள்ளைகள் கடனே என்று முணுமுணுக்கும்போது இவள் குரல் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தனியாக எழும்பும். பரமண்டலம் என்ற இடத்தில் இன்னும் அழுத்தம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் சொல்லிவிட்டேன். கத்தோலிக்கரான இரண்டாம் வகுப்பு டீச்சர், "எங்க சபையில அதை விண்ணுலகம்னு மாத்தி ரொம்ப நாளாச்சு. நீங்கதான் இன்னும் பரமண்டலத்தைப் புடிச்சுத் தொங்கறீங்க" என்று கிண்டலடித்தார். தலைமையாசிரியை முகம் மட்டும் மாறியது. "அந்தப் பொண்ணு வீட்ல இதைச் சொன்னா என்ன நினைப்பாங்க? நீங்க ஏதாவது சொன்னீங்களா? என்னன்னு விசாரிங்க" என்றார்.

அன்று பீரியட் முடிந்ததும் அவளை நிறுத்தினேன். கோபமோ சந்தோஷமோ வந்தால் என் வாயில் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"ஏன் பிள்ளே, இவ்வளவு சத்தமா ஜெபம் பண்ணுதியே, யாருக்காக?"

"எங்கப்பாவுக்கு மிஸ்."

"அப்பாவுக்கு என்ன?"

"அவரு மண்டலத்துல கீறாரு மிஸ். நீங்களும் அதத்தானே சொல்றீங்க, மண்டலத்துல கீற அப்பான்னு. பிதான்னா அப்பாதானே?"

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அவளே விளக்கினாள். அப்பா மாலை போட்டிருக்கிறார். மாலை போட்டால் வீட்டில் படுக்கக் கூடாது, அதனால் தீபாவளி கழிந்ததிலிருந்து வெளியில் தங்கியிருக்கிறார். மண்டலம் முடிந்ததும் வந்துவிடுவார் என்று அம்மா சொன்னாள். மண்டலத்தில் இருக்கிற அப்பாவுக்கு என்றே பள்ளியில் ஒரு ஜெபம் இருப்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கிறது. சத்தமாகச் சொன்னால் சீக்கிரம் முடியும் என்று நினைத்திருக்கிறாள்.

"பரமண்டலம்னா பெரிய மண்டலமா மிஸ்? அது எப்ப முடியும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு ஒரு சொல் தப்பாக இருந்தால் பொறுக்காது, அதைத் திருத்தாமல் தூங்க மாட்டேன். பரமண்டலம் என்றால் மேலே, வானத்துக்கும் மேலே, ஆண்டவர் இருக்கிற இடம் என்று சொன்னேன். அதற்கு முடிவே கிடையாது என்றேன். அங்கே போனவர்கள் திரும்பி வருவதில்லை, அவ்வளவு நல்ல இடம் என்று வேறு சேர்த்தேன்.

"முடியவே முடியாதா?"

"முடியவே முடியாது" என்று சந்தோஷமாகச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அவள் ஜெபம் சொல்லவில்லை. மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவும் இல்லை. சாயங்காலம் பள்ளி விட்டதும் வாட்ச்மேன் வந்து, என்னைப் பார்க்க ஒரு அம்மா நிற்கிறாள் என்றார். அவளுடைய அம்மாதான். குடோன் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சைக்கிள் ஷெட் ஓரத்தில் நின்றாள். மதம் மாற்றுகிறாயா என்று கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, பதிலைத் தயார் செய்துகொண்டே போனேன்.

"நீங்கதான் சாமி பாடம் எடுக்குற மிஸ்ஸா? மண்டலம் முடியவே முடியாதுன்னு சொன்னீங்களாமே. அப்பா செத்துட்டாரான்னு கேட்டு அழுவுது எம் பொண்ணு. இன்னா மிஸ் இது?"

நான் வார்த்தை வார்த்தையாக விளக்கினேன், மண்டலம் வேறு, பரமண்டலம் வேறு என்று. அவள் பாதியிலேயே கையை நீட்டி நிறுத்தினாள்.

"அவரு மாலையும் போடல, ஒண்ணும் போடல மிஸ். நெமிலிச்சேரில இன்னொருத்தி கூட கீறாரு. பொண்ணு தெனமும் கேட்டுகினே இருந்துச்சு, அப்பா எங்கன்னு. கார்த்திக பொறந்துச்சு, தெருவுல பாதி ஆம்பளைங்க மாலை போட்டுகினு கோயில்ல தங்கறாங்க. சொல்றதுக்கு ஒரு வார்த்த கெடச்சுது. சொல்லிட்டேன்."

பரமண்டலம் எல்லாம் இல்லை, நெமிலிச்சேரி. அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறினால் போய்விடலாம்.

"தை பொறந்தா என்ன சொல்லுவீங்க?"

"அதுக்குள்ள வந்துடுவாரு மிஸ்."

அந்தப் பதிலை அவள் சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. மகளை ஏமாற்றுவதற்காகச் சொன்னதை அவளே நம்பிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மிஸ். மண்டலம் முடிஞ்சா அப்பா வந்துடுவாருன்னு. நீங்க சாமி பாடம் எடுக்குறவங்க, பொய் சொல்ல மாட்டீங்கன்னு அதுக்குத் தெரியும்."

எனக்குச் சுரீர் என்றது. "நான் பொய் சொல்ல மாட்டேன்னு நம்புதா, அதனால நான் பொய் சொல்லணுமா? நல்லா இருக்கும்மா நியாயம்."

அவள் நீலக் கோட்டின் கையால் முகத்தைத் துடைத்தாள். எனக்கே என் குரல் பிடிக்காமல் போயிற்று. "செத்துப்போகலன்னு சொல்லுதேன். அது நெசம். அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க" என்றேன். "அது போதும் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யார்மேல் எனக்கு அவ்வளவு கோபம் என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு தெரிந்தது. அவள் புருஷனை மண்டலத்தில் வைத்திருக்கிறாள், நான் மஸ்கட்டில் வைத்திருக்கிறேன். அவளுடையதாவது தையில் முடிந்துவிடும். என்னுடையதற்கு முடிவு தேதியே இல்லை.

மறுநாள் பெண்ணிடம் சொன்னேன். "உங்க அப்பா உயிரோட இருக்கார். பரமண்டலம் வேற, அவர் அங்க போகல." அவள் முகம் தெளிந்தது. "அப்ப வருவாரா மிஸ்?" என்று கேட்டாள். "அதை அம்மாகிட்ட கேளு" என்று தப்பித்துக்கொண்டேன். அன்று டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஜெபத்தையும் மறுபடி சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்து தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய ஜெபத்தில் எனக்குத்தான் அந்த ஒரு சொல் தடுக்கியது. மண்டலம் முடிகிற நாளில் இந்தப் பிள்ளை யாரை நம்பாமல் போகும், அம்மாவையா, என்னையா, ஜெபத்தையா என்று ஒவ்வொரு பீரியடும் யோசித்துக்கொண்டு நின்றேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. அது எனக்குப் பிடிக்காத பண்டிகை என்று வேதபாட டீச்சர் சொல்லக் கூடாது. ஆனால் தனியாளுக்கு அதைப்போல் நீளமான பகல் வருடத்தில் இல்லை. ஆராதனை முடிந்து வாசலில், "இந்த வருஷமும் சார் வரலையா?" என்று கேட்டார்கள். "லீவு கிடைக்கல" என்றேன். பர்மா பஜாரில் வாங்கிய வெளிநாட்டுச் சாக்லேட்டை, அவர் கொடுத்தனுப்பியது என்று சொல்லி எல்லோருக்கும் கொடுத்தேன். வருடா வருடம் செய்வதுதான். அப்புறம் வீட்டுக்கு வந்து கேக்கில் ஒரு துண்டு வெட்டினேன். மிச்சத்தை யாருக்குக் கொடுப்பது என்று எதிர்வீட்டு மணியை அடித்தேன். அவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். வாசலிலேயே கேக் தட்டோடு கொஞ்ச நேரம் நின்றேன். அன்றைக்கு நன்றாக அழுதேன்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்தது. கேட்டில் அப்பாக்கள் பேண்ட் போட்டுக்கொண்டு, தாடியை எடுத்துவிட்டு, செருப்போடு வந்தார்கள். பிள்ளைகள் மறுபடியும் அப்பா என்று கூப்பிட்டார்கள். எனக்குக் காலையிலிருந்தே படபடப்பு. கடைசிப் பீரியடில் வகுப்பு முழுக்கச் சபரிமலை அரவணைப் பாயச டின்கள். மலைக்குப் போய் வந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு கொண்டுவந்திருந்தார்கள். ஸ்பூனால் கை மாறிக் கை மாறிச் சாப்பிட்டார்கள். "எங்கப்பா மறுபடியும் திட்ட ஆரம்பிச்சுட்டாரு மிஸ்" என்று ஒன்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்போடு முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி திரும்பி, "உங்கப்பா எங்கடி? மாலை போட்டிருந்தாருன்னியே. அரவணை வாங்கினு வரலியா?" என்று கேட்டாள்.

எல்லோரும் கடைசிப் பெஞ்சைப் பார்த்தார்கள். புத்தகத்தைத் திறங்கள் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"எங்கப்பா பெரிய மண்டலத்துல கீறாரு. லேட்டாவும்" என்றாள். உட்கார்ந்துகொண்டாள்.

பிள்ளைகள் அதை ஒத்துக்கொண்டு பாயசத்துக்குத் திரும்பிவிட்டார்கள். மணி அடித்தது. எல்லோரும் ஓடிய பிறகும் அவள் பெஞ்சிலேயே இருந்தாள். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், துடைத்த இடத்தையே.

"மிஸ், உங்க ஊட்டு சாரு மஸ்கட்லேருந்து எப்ப வருவாரு?"

பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம், அவளுக்கும் தெரியாமலா இருக்கும். லீவு கிடைக்கவில்லை என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கண்ணைப் பார்த்து வரவில்லை.

"வரமாட்டார்" என்றேன். இந்த ஊரில் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. "மஸ்கட்லயும் இல்ல பிள்ளே அவர். வேற வீட்ல இருக்கார்."

அவள் ஆச்சரியப்படவில்லை. கொஞ்ச நேரம் பெஞ்சின் மரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவும் வரமாட்டாரு மிஸ். கிறிஸ்மஸ் லீவுல அத்தகூட போறப்ப நெமிலிச்சேரி ஸ்டேசன்ல பாத்தேன். மண்டலம் அப்ப முடியல. அவரு செருப்பு போட்டுகினு இருந்தாரு."

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சு எனக்குச் சின்னது, முட்டி இடித்தது.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மிஸ். அது இன்னும் நம்பிகினு கீது."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவள் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"நானும் உங்களுத சொல்ல மாட்டேன் மிஸ்" என்றாள். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார், ஓடிவிட்டாள்.